கடைத் தமிழ்

மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறேன், போகிறது, எடுக்கவில்லை. நித்திரை கொள்கிறார். இரவு முழுக்க ஐஸ் பேக்டரியில் மீன் பெட்டி தூக்கிவிட்டு விடிய வந்து விழுந்த உடம்பு, பக்கத்தில் இடி விழுந்தாலும் எழும்பாது. அதுவும் போனைச் சத்தம் வராமல் வைத்துத் தலையணைக்கு அடியில் செருகியிருப்பார். அப்படி வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வெளியே பூட்டுத் தொங்குகிற வீட்டுக்குள் போன் அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதா, கேட்டால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா. அம்மா வெளியே பூட்டிவிட்டுப் போவாள், அவர் உள்ளே படுத்திருப்பார், இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொள்வார். இப்படித்தான் எங்கள் குடித்தனம். பஸ் கிளம்பிவிட்டது. நல்ல வேளை ஜன்னலோரம் கிடைத்தது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டுத்தான் கடையிலிருந்து வந்தேன். சூப்பர்வைசர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு "போம்மா போ, நாளைக்கு லேட் பண்ணாத" என்றார். பில் போட்டுக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன், மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை. அதை வாங்க நின்ற பெண் என்னைத் திட்டியிருப்பாள். அம்மாவின் குரல்தான் காதிலேயே நிற்கிறது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசின குரல். "பிள்ளை, பொலிஸ் வந்திட்டாங்கள். ரெண்டு ஜீப் நிக்குது. முன் லைன்ல இருந்து வீடு வீடாப் பாக்கிறாங்கள். எங்களை எல்லாம் கிரவுண்டில இருத்தி வச்சிருக்கு, எழும்ப விடுறாங்கள் இல்லை. அவர் போன் எடுக்கிறார் இல்லை. நீ அடி, கெதியா அடி." நான் "சரிம்மா, மாத்திரை வாங்கிட்டு வரேன்மா" என்றேன். கல்லாவில் முதலாளி மகன் நின்றுகொண்டிருந்தான்.  அம்மா போனை வைத்துவிட்டாள்.

முகாமில் எங்கள் வீடு கடைசி லைன். அது ஒரு ஆறுதல். முன் லைன், நடு லைன், பிறகு கக்கூஸ் வரிசை, அதற்குப் பிறகுதான் எங்கள் லைன். ஒவ்வொரு வீட்டிலும் பானை சட்டியெல்லாம் உருட்டிப் பார்த்தால் நேரம் எடுக்கும். பின்பக்கத் தகரம் ஒன்று ஆணி கழன்று கிடக்கிறது, தள்ளினால் ஆள் போகலாம், போனால் கருவேலங்காடு. இதெல்லாம் நாங்கள் பேசி வைத்ததுதான். அவர் எழும்பினால் போதும், எழும்பி அந்தத் தகரத்தைத் தள்ளினால் போதும். திரும்பவும் அடிக்கிறேன். கோகுலன், எடுங்கோ. எடுங்கோ. மணி போய்க்கொண்டே இருக்கிறது, அந்த டூ டூ என்ற சத்தம் அங்கே தலையணைக்கு அடியில் ஒரு வண்டு மாதிரி உறுமும். வண்டு உறுமினால் எழும்புவாரா. முல்லைத்தீவில் ஷெல் விழும்போது பங்கருக்குள் நித்திரை கொண்டு பழகின ஆள். எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "எனக்கு எந்தச் சத்தத்திலயும் நித்திரை வரும்." அந்தப் பெருமை இப்போது எங்களைக் கொல்லப் போகிறது.

"ஏம்மா, யாருக்கு அடிச்சிக்கிட்டே இருக்க, வீட்ல உடம்பு சரியில்லையா?" பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண் கேட்கிறாள். கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு கண்ணில் பச்சைத் துணி. புரை எடுத்துவிட்டு வருகிறாளாம், ஏறும்போதே சொன்னாள், பேர் பாண்டியம்மா, உப்பளத்துப் பக்கம். மகன் கூட்டிப்போக வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. என் தோளைப் பிடித்துத்தான் படி ஏறினாள். அவள் போனில் மகன் நம்பரைத் தேடி நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து என் முழங்கையை விடவில்லை. கை சூடாக, காய்ப்பாக இருக்கிறது. "இல்லங்க, எங்க வீட்டுக்காரரு தூங்குறாரு போல" என்கிறேன். தூங்குறாரு. வாயில் அழகாக வருகிறது. வீட்டில் நித்திரை, கடையில் தூக்கம். வீட்டில் ஓம், கடையில் ஆமாங்க. வீட்டில் கதைப்பது, கடையில் பேசுவது. மூன்றாம் வகுப்பில் ரீச்சர், இல்லை, டீச்சர், "பென்சில் இருக்கா" என்று கேட்டதற்கு "ஓம்" என்றேன், வகுப்பே சிரித்தது. அப்புறம் ஒரு வருஷம் எனக்கு ஓம் நமசிவாய என்றுதான் பேர். அன்றைக்குக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது, இப்போது யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில், படித்தது இந்த ஊர் காலேஜில், கடல் தாண்டினதே இல்லை. இருந்தும் பில் போடுகிற இடத்தில் முகாம் என்று சொன்னதில்லை. மில் ஸ்டாப் என்பேன். மூடிப்போன நூல் மில்லின் குடோனைத்தான் எங்களுக்குத் தடுத்துத் தடுத்து வீடாகக் கொடுத்தார்கள், அந்தப் பக்கம் மில் காலனியும் இருக்கிறது, அதனால் மில் ஸ்டாப் பொய் இல்லை. வாசல் பலகையில் அகதி என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுவாழ்வு என்று எழுதினார்கள். பெயின்ட் வாசம் ஒரு வாரம் அடித்தது.

முன் சீட்டுக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் போனில் டிவி விவாதம் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார், பஸ் முழுக்கக் கேட்கிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சட்டவிரோதக் குடியேறிகள், சட்டவிரோதக் குடியேறிகள், அந்தச் சொல் மட்டும் மேலே வந்து வந்து போகிறது. அப்புறம் விளம்பரம். கட்டம் போட்டவர் பொதுவாகச் சொல்கிறார், "முந்தாநேத்து படகுல வந்து எறங்கியிருக்கானுங்க. கொஞ்சப் பேரப் புடிச்சாச்சு. மிச்சம் எங்க? இங்கனதான் எங்கேயாச்சும் சுத்திக்கிட்டு இருப்பானுங்க." பின்னாலிருந்து ஒரு பெரியவர், "பாவம்யா, அங்க சோத்துக்கு வழியில்லாமத்தான வாராங்க, நம்ம ஆளுகதான" என்கிறார். "நம்ம ஆளுன்னா? பேசுறது தமிழ்னா நம்ம ஆளா? வடக்க இருந்து வந்தவன் ஓட்டல் பூராம் நெறஞ்சிட்டான். பங்களாதேஷ்காரன் கட்டட வேலை பூராம் எடுத்துக்கிட்டான். இப்ப இவனுங்க வேற. எம்பய டிப்ளமா முடிச்சிட்டு வீட்ல கெடக்கான். நாளைக்கு அவன் ஐஸ் பேக்டரில வேலை கேட்டாக்கூட, முதலாளி எவன் கொறச்ச கூலிக்கு வாரானோ அவனைத்தான வப்பான்?" ஐஸ் பேக்டரி. ஏன் அந்தப் பேரைச் சொன்னார். ஊரில் எத்தனையோ வேலை இருக்க ஏன் அதை. சும்மாதான் சொல்லியிருப்பார், வாய்க்கு வந்தது. பாண்டியம்மா தலையை ஆட்டுகிறாள், "அதும் வாஸ்தவந்தான். எம்மவனுக்கே உப்பளத்துல வேலை கொறஞ்சு போச்சு. வந்தவங்களையெல்லாம் ஒரு கப்பல்ல ஏத்தி மரியாதையா அனுப்பிரணும். அடிச்செல்லாம் அனுப்பக்கூடாது, சோறு கட்டிக் குடுத்து அனுப்பணும். என்னம்மா சொல்ற?" என் முழங்கையை அழுத்துகிறாள். "ஆமாங்க" என்கிறேன். அந்தக் கப்பல் எங்கே போகும் என்று யோசிக்கிறேன். என்னை ஏற்றினால் எங்கே போய் இறக்குவார்கள், அங்கே எனக்கு எந்தத் தெரு தெரியும்.

இதையே எங்கள் தலைவரும் சொன்னார், முகாம் தலைவர், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பிள்ளையார் கோயில் முன்னால் வைத்து. "புதுசா வாற ஆக்களால எங்கட பேரும் கெடப்போகுது. நாங்கள் சண்டைக்குள்ள உயிருக்குப் பயந்து வந்த சனம். இவையள் விலைவாசிக்குப் பயந்து வாறவை." எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள் என்று நினைக்கிறேன். அப்போது கோகுலன் இங்கே வரவில்லை. பிறகு அங்கே பெட்ரோல் இல்லாமல், பசளை இல்லாமல், வயல் காய்ந்து, இரவல் படகில் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுக் கழுத்துத் தண்ணீரில் நடந்து, தன் மாமா வீட்டைத் தேடிக்கொண்டு எங்கள் லைனுக்குள் வந்து நின்றார், இடுப்பில் ஈரச் சாரத்தோடு. நான் குழாயடியில் நின்றேன். "தங்கச்சி, இஞ்ச மரியதாஸ் வீடு எது?" என்று கேட்டார். நான் காட்டினேன், கை தானாக நீண்டது. அப்புறம் அதே பிள்ளையார் முன்னால்தான் மாலை மாற்றினோம். தலைவர் வரவில்லை. கல்யாணத்தை எங்கேயும் பதிய முடியாது, பதியப் போனால் அவர் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். இன்றைக்கு ஜீப் தானாக வந்ததா, யாராவது சொல்லி வந்ததா. இதை நினைக்கக் கூடாது. நினைத்தால் ஒவ்வொரு முகமாக வரும். குழாயடி முகங்கள், கோயில் முகங்கள், பக்கத்து வீட்டுக்காரியின் முகம். போன வாரம் அவளுக்குப் புளி கொடுத்தேன். போன் அடி, போன் அடி. மணி போகிறது.

காலேஜ் ஸ்டாப்பில் ஒரு ஆள் ஏறுகிறார். கையில் ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான். சட்டை புதிது, மடிப்பு கலையாமல் இருக்கிறது, கால் மட்டும் பழையது, வெடித்து, உப்புப் பூத்து. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்டால் சொல்ல வராது. கண்டக்டர் வருகிறார். "எங்க?" அந்த ஆள் காசை நீட்டுகிறார், வாயைத் திறக்கவில்லை. "எங்கப்பா, எறங்குற எடம் சொல்லு." "மில்லடி" என்கிறார். "மில் ஸ்டாப்பா?" தலையாட்டுகிறார். தப்பித்தார் என்று நினைக்கிறேன். என் நெஞ்சு ஏன் அவருக்காக அடித்துக்கொள்கிறது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, குனிந்து, பஸ்ஸில் இருக்கிற இத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம், "தங்கச்சி, முகாமுக்குப் போறதெண்டா அந்த மில்லடியில இறங்கினாச் சரிதானே?" என்று கேட்கிறார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்த எண்டா, அந்த மில்லடியில. மன்னார்ப் பக்கத்துப் பேச்சு, எங்கள் அப்பாவின் தங்கை அப்படித்தான் பேசுவா. என் வாயிலிருந்து "ஓ" என்று பாதி வந்துவிட்டது. மீதியை விழுங்கினேன். "தெரியாதுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பாதி அவருக்குக் கேட்டுவிட்டது. கோபம் இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை, சரி பிள்ளை என்கிற மாதிரி ஒரு சின்னத் தலையசைப்பு. நிமிர்ந்து நின்றுகொண்டார். கட்டம் போட்ட சட்டை போனில் விவாதத்தை நிறுத்திவிட்டது. விளம்பரம்கூட ஓடவில்லை. பஸ்ஸுக்குள் இன்ஜின் சத்தம் மட்டும். பாண்டியம்மா என் காதருகில், "யாரு அது, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?" என்கிறாள். கண் சரியாகத் தெரியாதவளுக்குக் காது எவ்வளவு கூர்மை. இத்தனை நேரம் என் பேச்சையும் இந்தக் காதுதான் கேட்டுக்கொண்டு வருகிறது. "யாரோங்க" என்கிறேன்.

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. வண்டி நிற்கிறது. வரப்போகிற ரயில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டோக்களும் லாரியும் முன்னால் நிற்கின்றன, அதற்கும் முன்னால் காக்கி. போலீஸ் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வருகிறது. எனக்கு அப்பாவின் வாளி நினைவு வருகிறது. வரக்கூடாத நேரத்தில்தான் அது வரும். எண்பத்தி மூன்றில் அப்பா கொழும்பில் தையல் கடையில் வேலை. கலவரத்துக்குள் பஸ்ஸை மறித்து ஏறினவர்கள் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி இதற்குச் சிங்களத்தில் என்ன பேர் என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டார்கள். தமிழருக்கு அந்தச் சொல்லின் முதல் எழுத்து சரியாக வராது. அப்பாவுக்கு வந்தது, கடையில் கூட இருந்த சிங்களப் பெடியன்களோடு கதைத்துக் கதைத்து வந்தது. முன் சீட்டில் இருந்த ஆளுக்கு வரவில்லை. அவரை இறக்கினார்கள். "நீங்கள் என்னப்பா செய்தனீங்கள்?" என்று நான் கேட்டேன், எட்டு வயதிருக்கும் எனக்கு. "யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு இருந்தன்" என்றார் அப்பா. வெளியில் என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒரு கடை. வாழைக்குலை தொங்கிச்சுது." எனக்கும் இப்போது ஜன்னல் இருக்கிறது. வெளியே ஒரு பஞ்சர் கடை, டயர்கள் அடுக்கியிருக்கின்றன, நாய் ஒன்று ஈ ஓட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. ஏறிவிட்டார்கள், இரண்டு பேர். கட்டம் போட்ட சட்டை எழுந்துவிட்டது. "சார், இங்க பாருங்க சார், இந்த ஆளு பேச்சே சரியில்ல." போலீஸ்காரர் கேட்கிறார், "எந்த ஊருய்யா?" மஞ்சள் பை வைத்திருப்பவர், "ராமநாதபுரம்" என்கிறார். நன்றாகத்தான் சொன்னார், இந்த ஒரு சொல்லை எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்திருப்பார். "ராமநாதபுரத்துல எங்க?" அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். "வாயில என்ன, கேக்குறேன்ல?" "ஐயா, நான் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்க வரேல்ல. பிள்ளைகள் அங்க—" அவ்வளவுதான். பையைப் பிடுங்கினார்கள். உள்ளே ஒரு சாரமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். பின்னாலிருந்த பெரியவர், "அடிக்காதீங்க சார்" என்று சொன்னார், அதற்குமேல் சொல்லவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து அவரை நடத்திக்கொண்டு போகும்போது மற்றப் போலீஸ்காரர் என்னைப் பார்த்து நிற்கிறார். "நீ எங்கம்மா போற?" "மில் ஸ்டாப் சார். கடைல வேலை சார், வீட்டுக்குப் போறேன்." தடங்கலே இல்லாமல் வந்தது. வாளியின் முதல் எழுத்து எனக்கு வந்துவிட்டது. பாண்டியம்மா கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி, "எங்கூட வருது சார், தங்கமான புள்ள" என்றாள். போலீஸ்காரர் போய்விட்டார். படியில் இறங்குவதற்கு முன் மஞ்சள் பைக்காரர் ஒரு தடவை திரும்பினார். பஸ்ஸைப் பொதுவாகப் பார்த்த மாதிரி இருந்தது, கண்ணை என்னில் நிறுத்தவில்லை. வேண்டுமென்றுதான் நிறுத்தவில்லை. அவர் ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. நான் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் போனது, கேட் திறந்தது, பஸ் நகர்ந்தது. பேச்சு திரும்ப வந்துவிட்டது, முன்னைவிட அதிகமாக, எல்லோருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கட்டம் போட்டவர் யாருக்கோ போன் போட்டு, "நாந்தான்டா புடிச்சுக் குடுத்தேன்" என்கிறார். என் போனை மடிக்குள் வைத்துத் திரும்ப அடிக்கிறேன். முன் லைன் முடிந்திருக்கும். நடு லைனும் முடிந்திருக்கும். கக்கூஸ் வரிசைக்கு வந்திருப்பார்கள், அங்கே நாற்றத்தில் சீக்கிரம் கடந்துவிடுவார்கள். மணி போகிறது, போகிறது, நின்றது. எடுத்துவிட்டார். "ம்ம்" என்கிற நித்திரைக் குரல். கடவுளே. பாண்டியம்மாவின் கை என் முழங்கையில். கண்டக்டர் இரண்டு அடி தள்ளி. நான் போனைக் கையால் மூடிக்கொண்டு சொல்கிறேன், "என்னங்க, எந்திரிங்க, சீக்கிரம். பின்பக்கமாப் போயிடுங்க." பாய் சரசரக்கிறது. பிறகு, "யார் கதைக்கிறது?" "நாந்தாங்க. ஆளுங்க வந்துட்டாங்க, வீடு வீடாப் பாக்குறாங்க, எந்திரிச்சுப் போங்க." "நீங்கள் ஆர்? இது தர்மினியின்ர போன். அவ எங்க?" எனக்குப் புரியவில்லை. ஒரு கணம் நான் வேறு யாருக்கோ அடித்துவிட்டேனா என்று பார்க்கிறேன். அவர் பேர்தான் இருக்கிறது. "நாந்தாங்க தர்மினி." "போனை அவவிட்டக் குடுங்கோ. அவ எங்க, ஸ்டேசனிலயோ? அவவை ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வாறன். நான் இருக்கிற இடத்தைச் சொல்லுறன், நானே வெளியில வாறன், அவ இஞ்ச பதிஞ்ச பிள்ளை, அவவை விடுங்கோ." என் கடைத் தமிழை அவர் கேட்டதே இல்லை, போலீஸ்காரி என்று நினைத்துவிட்டார். தட்டுமுட்டுச் சாமான் விழுகிற சத்தம் கேட்கிறது. எழும்பிவிட்டார். முன் கதவைத் தட்டப் போகிறார். அது வெளியே பூட்டின கதவு, உள்ளிருந்து தட்டினால் லைன் முழுக்கக் கேட்கும், அவர்கள் ஓடி வந்து உடைப்பார்கள். நான் சொல்ல வேண்டிய சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் நாக்கு புரளவில்லை. கடைத் தமிழ் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆமாங்க, சொல்லுங்க, சார், மேடம், பில்லுங்க. அப்பாவுக்கு அன்றைக்கு அந்தச் சொல் வந்த பிறகு எத்தனை நாள் வேறு சொல் வராமல் இருந்திருக்கும். "நான் கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுறன்" என்கிறார் அவர், அழுகிறார் போலிருக்கிறது, மூச்சு இரைக்கிறது.

"கோகுலன்!" என்று கத்திவிட்டேன். "நில்லுங்கோ! நான்தான், தர்மினிதான் கதைக்கிறன். பஸ்ஸுக்குள்ள இருக்கிறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்ல. கதவுப் பக்கம் போகாதேங்கோ. பின்பக்கத் தகரத்தைத் தள்ளிப்போட்டு வெளிக்கிடுங்கோ, இப்ப, இந்த நிமிசம். செருப்புப் போடாதேங்கோ, சத்தம் கேக்கும். ஓடுங்கோ." எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்தபோது பஸ்ஸில் வேறு யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. போனில் "தர்மி" என்றார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு தகரம் இழுபடுகிற ஒரு கீச்சு, பிறகு இலை, முள், மூச்சு. பிறகு வைத்துவிட்டார். போய்விட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு யார் பயமும் இல்லை. நெஞ்சு முழுக்கக் கருவேல இலை வாசம் அடித்த மாதிரி இருந்தது.

முழங்கை லேசாகிவிட்டது. பாண்டியம்மா கையை எடுத்துவிட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறாள். "நானுல்ல போலீஸ்ட்ட சொன்னேன்" என்கிறாள், என்னிடம் இல்லை, முன்னால் யாரோ இருக்கிற மாதிரி. "எங்கூட வருதுன்னு நானுல்ல சொன்னேன்." கட்டம் போட்ட சட்டை எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "யாரை ஓடச் சொன்ன? ஏய், ஒன்னையத்தான். யாரு அது கோகுலன்?" பெரியவர், "விடுய்யா, பொம்பளப் புள்ளட்ட" என்கிறார். "என்ன பெரியவரே விடுறது? கண்ணு முன்னாடி தப்பிக்க விட்டுருக்கா. நல்லாத்தான பேசுனா இம்புட்டு நேரம், நம்மளாட்டம்! அதான் பயமே. எவன் நம்மாளு, எவன் அவனுங்கன்னே தெரியலயே." அது நியாயம்தான் என்று இன்னொருத்தர் சொல்கிறார். சின்னப் பிள்ளை ஒன்றை வைத்திருந்த பெண் பிள்ளையை மற்றத் தொடைக்கு மாற்றுகிறாள். எனக்கு முன்னாலேயே என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்த விவாதத்தில் பேசின மாதிரி, நான் போனுக்குள் இருக்கிற மாதிரி. ஓசி டிக்கெட், ரேஷன், காலேஜ் சீட்டு, வேலை. ஒவ்வொன்றாக வந்து என் மேல் வைக்கப்படுகிறது. நான் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன் என்று சொல்ல நினைக்கிறேன், உங்கள் மனைவிக்கும் சேலை பில் போட்டிருப்பேன் என்று. எந்தத் தமிழில் சொல்வது. இதில் சொன்னால் நடிக்கிறேன் என்பார்கள், அதில் சொன்னால் பார் பார் என்பார்கள். சொல்லாமல் எழுந்தேன். ஸ்டாப் இன்னும் வரவில்லை, இருந்தாலும் எழுந்தேன். பாண்டியம்மா காலை மடக்கி வழி விட்டாள். நான் அவளைக் கடக்கும்போது, "பாத்து எறங்கு" என்றாள். அதை எல்லோருக்கும் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். கண்ணாடிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டக்டர் படிக்குப் பக்கத்தில் நிற்கிறார். தினமும் பார்க்கிற மனிதர், பிள்ளைக்குக் கல்யாணம் என்று போன மாசம் எங்கள் கடைக்கு வந்தவர். "மில் ஸ்டாப்பா?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே. "ஓம்" என்றேன். இப்போது நாக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, திரும்பவில்லை. அவர் விசில் ஊதினார். கட்டம் போட்டவர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், என் முகத்துக்கு நேராக. நான் முகத்தை மூடவில்லை, மூடினால் இன்னும் என்னவாகவோ ஆகும். இறங்கினேன். வெயில் கண்ணில் அடித்தது. மில் சுவர், அதற்கு அந்தப் பக்கம் முகாமின் வாசல் வளைவு, அங்கே இரண்டு ஜீப் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. ஒரு ஜீப்பின் கதவு திறந்து கிடக்கிறது. நடுவில் நிழலே இல்லாத தார் ரோடு. கருவேலங்காடு அசையாமல் நிற்கிறது, அதைப் பார்க்கக் கூடாது, என் கண் போகிற பக்கம் அவர்கள் கண்ணும் போகும். கிரவுண்டில் அம்மா உட்கார்ந்திருப்பாள், நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான், நடந்துபோய் உட்கார வேண்டும். பஸ் கிளம்புகிற சத்தத்துக்காக நின்றேன். எப்போதும் நான் காலை எடுத்து வைப்பதற்குள் அது புகையை அடித்துவிட்டுப் போய்விடும். போகவில்லை. இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. ஜன்னல்களில் எல்லாம் தலைகள் இந்தப் பக்கம் வந்திருக்கும், நான் திரும்பவில்லை. நடந்தேன். படியில் யாரோ செருப்புக் காலை வைத்து இறங்கினார்கள், "ஏய், நில்லு" என்றது கட்டம் போட்டவரின் குரல். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். அதற்குப் பின்னாலும் செருப்புச் சத்தம் கேட்டது.